மூலை ரூமின் வாசனை

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, முழங்கால் இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும்போதே நாலு ஊர் பார்த்துவிட வேண்டும் என்று வேன் பிடித்துக் கிளம்புகிற கூட்டம் நாம். போன பயணத்தில் ஓட்டல் அறைக்குள் நான் செய்ததைப் பார்த்து நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மகளும் சிரிப்பாள்.

பெட்டியைக் கட்டில்மேல் வைக்க மாட்டேன், குளியலறைத் தரையில் கொண்டுபோய் வைப்பேன். படுக்கை விரிப்பை மூலையிலிருந்து உருவி, மெத்தையின் தையல் ஓரத்தைச் செல்போன் வெளிச்சத்தில் தடவிப் பார்ப்பேன். மிளகுத் தூள் சிந்தின மாதிரிக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா, விரிப்பில் துருக் கறை மாதிரி ரத்தப் பொட்டு இருக்கிறதா, தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஏதாவது நகர்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்குத் திரும்பியதும் துணிகளை வாசலிலேயே அவிழ்த்துக் கொதிநீரில் போட்டு, பெட்டியை மொட்டை மாடி வெயிலில் வாய் பிளந்து காயவைப்பேன். மூட்டைப்பூச்சி கூடவே வீட்டுக்கு வராமலிருக்க எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்வேன், அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கதவைத் திறந்ததும் உள்ளே கால் வைக்காமல் நின்று மூக்கால் இழுப்பேன். பூச்சி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தாவது பொழுதைக் கழித்துவிடுவேன். நான் தேடுகிற அந்த வாசனை வந்துவிட்டால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவேன்.

அது எங்கிருந்து வந்த பயம் என்று சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பின்பக்கத்துத் தெரு ஒன்றில் அப்பா லாட்ஜ் வைத்திருந்தார். லாட்ஜ் என்றால் இன்றைக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நீளமான பழைய வீடு. நடுவில் நடை, இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் கிணறும் துணி துவைக்கிற கல்லும். முன்பக்கத்து அறையில் நாங்கள் குடியிருந்தோம். முகூர்த்த மாதங்களில் புடவை எடுக்க வருகிறவர்களும் மற்ற மாதங்களில் சாமி கும்பிட வருகிறவர்களும் தங்குவார்கள். நடையின் கோடியில் இருந்தது மூலை ரூம். அதன் ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். கல்யாணப் பார்ட்டிகளுக்கு அப்பா அதைத்தான் கொடுப்பார். இரும்புக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, சொட்டு நீலம் போட்டு அலசின வெள்ளை விரிப்பு. விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தாலும் அப்பாவுக்குப் பிடிக்காது. “வர்றவங்க நம்ம வூட்டு மெத்தையில அவங்க முதுக நம்பிக் குடுக்கறாங்க” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கம்பீரம் வரும்.

அந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கின சமயம். துணி ஊறவைக்க எடுத்த அம்மா, ஒரு விரிப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். சின்னச் சின்னதாய்க் காய்ந்த ரத்தம். அம்மா மூலை ரூமுக்குப் போய் மெத்தையைப் புரட்டினாள். தையல் ஓரமெல்லாம் கறுப்பு. ஒன்றை நகத்தால் நசுக்கினாள். அழுகின கொத்தமல்லி நாற்றம் வந்தது.

சினிமாக் கொட்டகை பெஞ்சிலும் ரயில் பலகையிலும் கடி வாங்கி வளர்ந்தவர்கள்தான் நாம். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் லாட்ஜ்காரன் வீட்டில் மூட்டைப்பூச்சி என்பது வேறு. அப்பா அந்தப் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்றார். “அது” என்றுதான் சொல்வோம். “பக்கத்து ரூமுக்கும் அது போயிடுச்சா?” என்று அம்மா கேட்பாள். அப்பா வாசலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். யாராவது வந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டில் யாரோ தீராத நோயாகப் படுத்திருக்கிற மாதிரி எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினோம்.

கட்டில்களைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றினார்கள். மெத்தைகளை வெயிலில் போட்டுத் தடியால் அடித்தார்கள். கட்டில் கால்களுக்குக் கீழே மண்ணெண்ணெய் ஊற்றின கொட்டாங்கச்சி வைத்தார்கள். சில நாள் அடங்கியிருக்கும். பிறகு மறுபடியும் விரிப்பில் பொட்டு விழும். சுவர் வெடிப்பில், கதவு நிலையில், சாமி படத்தின் சட்டத்துக்குப் பின்னால் என்று எங்கெல்லாமோ ஒளிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மனுஷ உடம்பு படுத்துச் சூடாவதற்காகச் சுவர் முழுக்க ஏதோ காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நடையில் தனியாகப் போக மாட்டேன்.

அப்போதுதான் ஒரு கல்யாணப் பார்ட்டி வாசலில் நின்று சத்தம் போட்டது. மணப்பெண்ணின் கழுத்திலும் புஜத்திலும் வரிசையாகத் தடிப்பு. நாளைக்கு மேடையில் உட்கார வேண்டிய பெண் இவள் என்று அவளுடைய தாய் மாமன் தெருவையே கூட்டிவிட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “கொசுங்க. பக்கத்துல கால்வா இருக்குதுல்ல” என்றார். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவர் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலியான மூலை ரூம் வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஆள் கூட்டி வருகிற ரிக்‌ஷாக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போக ஆரம்பித்தார்கள். அப்பாவோடு சின்ன வயசிலிருந்து பழகின ஒரு ரிக்‌ஷாக்காரர் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

பாலாற்றுப் பக்கம் நிலம் வைத்திருந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஒரு நாள் சைக்கிளில் வந்தார். சாக்குப் பையிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். மேலே இருந்த காகிதம் பாதி கிழிந்திருந்தது.

“நெல்லுக்கு அடிக்கறதுபா. கொஞ்சமா ஊத்தி நெறைய தண்ணி கலக்கணும். ஒரு வாட்டி அடி, வம்சமே இருக்காது” என்றார்.

அம்மா, “மனுஷங்க படுக்கற எடத்துல அடிக்கலாமா?” என்று கேட்டாள்.

“பயிரைத்தான நாம சாப்புடறோம்? அதுக்கு அடிக்கலாம்னா கட்டிலுக்கு அடிக்கக் கூடாதா?” என்று அப்பா சிரித்தார். நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று உடம்போடு, வாளியில் அதைக் கலக்கினார். தண்ணீரில் விழுந்ததும் பால் மாதிரி வெளுத்தது. கொஞ்சமாக ஊற்றச் சொன்னதை அவர் மறந்திருக்க மாட்டார். கோபம் அவர் கையைப் பிடித்துச் சாய்த்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். கைப்பம்பால் மெத்தையிலும் சுவரிலும் கட்டில் இடுக்கிலும் பீய்ச்சினார். முழங்கை வழியாக வழிந்ததை லுங்கியில் துடைத்துக்கொண்டார். வாசனை நடை முழுக்க வந்தது. பூண்டு அழுகின மாதிரி, அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி. தொண்டையின் பின்பக்கத்தில் இனிப்பாக ஒட்டிக்கொள்ளும்.

பூச்சிகள் செத்தன. சும்மா சொல்லக் கூடாது, முறத்தில் அள்ளினோம். அப்பா முறத்தைத் தூக்கி அம்மாவிடம் காட்டினார். அதற்குள் உத்தரத்திலிருந்து பல்லி ஒன்று சொத்தென்று விழுந்து, வாலை மட்டும் ஆட்டிவிட்டு அடங்கியது. நடையில் சாமி படத்துக்குப் பின்னால் கூடு கட்டியிருந்த குருவி அடுத்த நாள் சத்தம் போடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்த ரிக்‌ஷாக்காரர் எதையோ காகிதத்தில் சுருட்டி வெளியே எடுத்துப் போனார். என்னிடம் காட்டவில்லை. பின்கட்டில் எறும்புச் சாரி இல்லை. வீட்டில் உயிருள்ளதாக நாங்கள் மட்டும் இருந்தோம்.

அம்மாவுக்குத் தலைவலி. “இந்த நாத்தம் போவல, இன்னாங்க” என்றாள்.

“நாத்தமா? சுத்தத்தோட வாசனைடி அது” என்றார் அப்பா. மூலை ரூமுக்கு மட்டும் நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்ப அடித்தார். அந்த மணப்பெண்ணை அது கடித்த அறை அல்லவா. கடைசியாக ஒரு நாள் காலையில் அடித்த பிறகு ஃபினாயில் போட்டுக் கழுவி, சாம்பிராணி போட்டு, புது விரிப்பு விரித்து, ஒரு மடிப்பு இல்லாமல் இழுத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே அவர்கள் வந்தார்கள். ரிக்‌ஷாக்காரர்தான் கூட்டி வந்தார். வந்தவாசிப் பக்கத்தில் பயிர் வைக்கிற நயினார் குடும்பம். நயினார் என்றால் சமணர்கள், நம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள்தான். தாய், தகப்பன், கல்யாணம் நிச்சயமான பெண். திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் புடவை எடுக்கத் திட்டம். அப்பாவின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு பழைய கம்பீரம் வந்தது. கதவைத் திறந்து ஓரமாக நின்றார்.

அந்த நயினார் வீட்டு அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

“இன்னா மருந்து அடிச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“மருந்துலாம் ஒண்ணுமில்லமா. ஃபினாயில்தான்.”

“ஃபினாயில் வாசனை எனக்குத் தெரியுங்க. வேற ரூம் இருந்தா குடுங்க.”

எல்லா அறையிலும் அதே வாசனைதான். அப்பா நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவருக்கு ஏதோ புரிந்துவிட்ட மாதிரி சிரித்தார். “நீங்க நயினார்ல. எறும்ப மிதிக்கக் கூடாதுன்னு பாக்கறவங்க. பூச்சிய கொன்னுட்டாங்களேன்னு வருத்தப்படறீங்க. நான் இன்னாமா பண்றது, லாட்ஜ் நடத்தணும்ல?”

“அதில்லீங்க” என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவில்லை. “நாங்களும் பயிருக்கு அடிக்கறவங்கதான். அதனாலதான் சொல்றேன். இதுல படுக்கக் கூடாது.”

அந்த வார்த்தை அப்பா காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் கேட்க நினைத்ததைத்தான் கேட்டிருப்பார். நடையில் ரிக்‌ஷாக்காரர் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி வாசலில் எட்டிப் பார்த்தாள். இவர்களும் திரும்பிப் போனால் இனி யாரும் வர மாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“உங்களுக்கு நம்பிக்க இல்லன்னா நானே படுத்துக் காட்டறேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கினு படுக்கறேன். நீங்க காப்பி சாப்பிட்டுக்கினு இருங்க. நான் எழுந்து வந்தா ரூம எடுத்துக்குங்க.”

“வேணாங்க” என்றாள் அம்மா.

அப்பா உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு மூடுகிற சத்தமும் கேட்டது.

முன்னறையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தக் கல்யாணப் பெண் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அரக்குப் புடவைக்குப் பச்சைக் கரை நல்லா இருக்குமா, மஞ்சள் கரை நல்லா இருக்குமா என்று கேட்டாள். நான் பச்சை என்றேன். வெளியே அனல் காற்று. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி சத்தம் விட்டுவிட்டு வந்தது. அந்த அம்மாள் மட்டும் காப்பியைத் தொடாமல் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா போய்க் கதவைத் தட்டினாள்.

“நல்லாத் தூங்கிக்கினு இருக்கறேன், போடி” என்று உள்ளேயிருந்து அப்பா சொன்னார். குரலில் சிரிப்பு இருந்தது. முன்னறையில் எல்லாருக்கும் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிழல் நடைக்குள் இறங்கின பிறகு அம்மா மறுபடியும் போய்த் தட்டினாள். ஏதோ சொன்னார். வார்த்தையாக இல்லை. வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அம்மா திரும்பி ஓரடி எடுத்து வைத்தாள்.

அந்த அம்மாள் எழுந்து நின்றிருந்தார். “கதவ ஒடைங்க” என்றார், தன் கணவரைப் பார்த்து. “ஏங்க, ஒடைங்க.”

அவரும் ரிக்‌ஷாக்காரரும் சேர்ந்து தோளால் இடித்தார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தபோது உள்ளேயிருந்து வந்த வாசனை முகத்தில் அறைந்தது. அப்பா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு முழுக்கக் குளித்த மாதிரி வேர்வை. வாயோரத்தில் நுரை வழிந்து வெள்ளை விரிப்பை நனைத்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் கருமணிக்குள் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிதான் இருந்தது. புஜத்துச் சதை தோலுக்கடியில் ஏதோ ஊர்கிற மாதிரித் தானாகத் துடித்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. லுங்கி நனைந்திருந்தது. மடிப்பு இல்லாத விரிப்பில் என் அப்பா அப்படிக் கிடந்ததை நான் நடையிலிருந்து பார்த்தேன். என்னை யாரும் அங்கிருந்து இழுக்கவில்லை, யாருக்கும் என் நினைவே இல்லை.

“வெளிய எடுங்க. துணிய அவுத்துடுங்க. சோப்புப் போட்டுத் தண்ணி ஊத்துங்க” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தானே அவருடைய கால்களைப் பிடித்தார். கிணற்றடியில் அம்மா தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றினாள். அந்தப் பெண் தன் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு துவைக்கிற சோப்பால் அவர் முதுகைத் தேய்த்தாள். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையைக் கல்யாணப் பெண் தேய்க்கிறாளே என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. டப்பா எங்கே என்று அந்த அம்மாள் கேட்க, அம்மா மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரிக்‌ஷாவில் அப்பாவை ஏற்றி, அம்மாவும் அந்த அம்மாளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

என்னை அந்த நயினார் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அதற்குள் ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டு, “இதயா கட்டில்ல அடிச்சீங்க?” என்று ஒரே தடவைதான் கேட்டார். பிறகு ஊசிமேல் ஊசியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்பாவின் முகம் வெள்ளையாக இருந்தது, பிறகு செக்கச்செவேலென்று சிவந்தது. நுரை நின்றது. ஆனால் அவர் வேறு எங்கோ இருந்தார். விட்டத்தைப் பார்த்து ஏதேதோ பேசினார். விரல்கள் மட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வையிலிருந்து இல்லாத எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி நகத்தால் நசுக்கிக்கொண்டே இருந்தார். அது ஊசியினால் வருகிற பிதற்றல்தான், தெளிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னார். அம்மா அந்த விரல்களைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். அவை அவள் கைக்குள்ளேயும் பொறுக்கின.

சூரியன் இறங்கின பிறகு ரிக்‌ஷாக்காரர் எல்லாருக்கும் இட்லி வாங்கி வந்தார். அம்மா முதல் பொட்டலத்தை அந்த அம்மாளிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “பொழுது போயிடுச்சிமா. கொழந்தைக்குக் குடு” என்று என்னைக் காட்டினார். எங்கள்மேல் கோபம் என்று நான் நினைத்தேன். பொழுது சாய்ந்தால் அவர்கள் வாயில் எதையும் வைக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கோயிலும் கும்பிடாமல், பட்டினியாக, திருப்பருத்திக்குன்றத்து உறவுக்காரர் வீட்டுக்கு அவர்கள் நடந்து போனார்கள். அந்தப் பெண் பச்சைக் கரை எடுத்தாளா என்று எனக்குத் தெரியவே இல்லை.

பல நாள் கழித்து ஒரு காலையில் அப்பாவுக்குத் தெளிந்தது. நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். உதட்டை நனைத்துக்கொண்டு அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

“அவங்க ரூம எடுத்துக்கினாங்களா?”

அம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். “எடுத்துக்கினாங்க. நல்லாத் தூங்கினாங்களாம்.”

“எனக்கு இன்னா ஆச்சி?”

“வெயிலு. மயக்கம் போட்டு விழுந்துட்டீங்க.”

“சொன்னேன்ல” என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து உட்காரக்கூட முடியாத மனுஷனிடம் வேறு என்ன சொல்வது என்று அம்மா நினைத்திருப்பாள். வீடு திரும்பினதும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட இருந்திருக்கும். சொல்லவேயில்லை, ரிக்‌ஷாக்காரரையும் சொல்ல விடவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மெத்தைகளை எல்லாம் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைக்கச் செய்தாள். மூலை ரூம் கதவை மூடி ஆணி அடித்தாள். அப்பா வந்து, எப்போது திறக்கலாம் என்று கேட்டபோது, “இனிமே லாட்ஜ் வேணாம்” என்றாள். காரணம் கேட்டார். “என்னால துணி தொவைக்க முடியல” என்றாள். அவர் கத்தினார், மறுநாளும் கத்தினார். அவள் அதே பதிலையே சொன்னாள். உண்மையைச் சொல்லியிருந்தால், தன் கையால் கலந்த விஷத்தில் முன்பின் தெரியாத ஒரு கல்யாணப் பெண்ணைப் படுக்கவைக்க இருந்தோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதை அவரால் தாங்க முடியாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அது சரியா என்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு வெகு காலம் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். “கல்யாணப் பார்ட்டிக்குன்னு ஒரு ரூம் வெச்சிருந்தேன். ஜன்னலத் தொறந்தா கோபுரம். நல்லா ஓடிக்கினு இருந்துச்சி. இவ சோம்பேறித்தனத்துல மூடிட்டா.” வந்தவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா தலைகுனிந்து அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள். மற்ற எல்லாருக்கும் டம்ளர் நிறைய ஊற்றுவாள், அப்பாவுக்கு மட்டும் பாதிதான். அவர் கை நடுங்கிச் சிந்தும் என்பது வந்தவர்களுக்குத் தெரியக்கூடாது.